மேல் தாடை எலும்பு மென்மையாக இருந்தால் இம்ப்ளான்ட் நிற்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. மேல் தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து 5 வருடம் ஆகிறது. கழற்றி மாட்டும் பல் செட் போட்டிருக்கிறார். சாப்பிடும்போது அது நழுவுகிறது என்பதால் இம்ப்ளான்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கலாம் என்று போனோம். சி.பி.சி.டி. ஸ்கேனில் எலும்பின் அகலம் 8 மி.மீ., உயரம் 7 மி.மீ., தரம் ‘டி4’, அடர்த்தி 280 என்று வந்திருக்கிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். ஒருவர், துளையைச் சிறிதாகப் போட்டு இம்ப்ளான்ட்டை இறுக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர், கருவியை வைத்துத் தட்டி எலும்பை அழுத்திவிட்டு வைப்பேன் என்கிறார். மூன்றாமவர், எலும்பையே கெட்டியாக்கும் புது டிரில் தன்னிடம் இருப்பதாகவும் அன்றே பல்லும் கட்டித் தருவதாகவும் சொல்கிறார். அவருடைய கட்டணம் அதிகம். அம்மாவுக்குச் சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒரு மாத்திரை 4 வருடமாகச் சாப்பிடுகிறார். அவ்வப்போது தலைசுற்றலும் வரும். “இதெல்லாம் எதற்கு, நான் இப்படியே இருந்துவிடுகிறேன்” என்று வேறு சொல்கிறார். எந்த முறை நல்லது? — வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூவரும் சொன்னவை உலகம் முழுக்க நடைமுறையில் உள்ள முறைகள்தான். அதில் ஒன்றும் தவறில்லை. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை என் தேர்வு, முதலாமவர் முறை அல்லது மூன்றாமவரின் டிரில். தட்டி வைக்கும் முறை வேண்டாம் என்பேன், காரணம் அந்தத் தலைசுற்றல். ஆனால் டிரில் நல்லது என்று சொல்வதால் ‘அன்றே பல்’ என்பதையும் ஒப்புக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ‘டி4’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம். மேல் தாடையின் பின்பகுதி பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே இடைவெளி அதிகமுள்ள வலைப்பின்னல் போன்ற எலும்பு. கீழ்த் தாடையின் முன்பகுதி இதற்கு நேர் எதிர், அங்கே எலும்பு கெட்டி. 1985-இல் லெக்ஹோம், ஸார்ப் என்ற இருவர் தாடை எலும்பை நான்கு தரமாகப் பிரித்தார்கள். பிறகு அமெரிக்கப் பல் மருத்துவர் கார்ல் மிஷ் மிகக் கெட்டியான டி1 முதல் மிக மென்மையான டி4 வரை என்ற பிரிவைக் கொண்டுவந்தார். டி4 எலும்பில் டிரில் வைத்தால் தெர்மோகோலில் இறங்குவதுபோல் இறங்கும் என்பது அவர் தந்த விளக்கம். கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும்.

அந்த 280 என்ற எண்ணை மட்டும் ரொம்பப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 150 முதல் 350 வரை இருந்தால் டி4 என்ற கணக்கு, மருத்துவமனைகளில் எடுக்கும் பெரிய சி.டி. ஸ்கேனுக்காக வந்தது. பல் மருத்துவத்தில் எடுக்கும் சி.பி.சி.டி. இயந்திரங்கள் ஒவ்வொன்றும் அடர்த்தியை ஒவ்வொரு மாதிரிக் காட்டும். இங்கே 280 என்று வந்தது வேறொரு சென்டரில் 400 என்று வரலாம். அகலமும் உயரமும் அதில் நம்பகமாகத் தெரியும். அடர்த்தியை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு உண்மையில் எப்படி என்பது, 2 மி.மீ. தடிமனுள்ள முதல் டிரில் உள்ளே போகும்போதுதான் டாக்டரின் விரலுக்குத் தெரியும். வெளி ஓட்டைத் தாண்டியதும் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால், மீதித் திட்டத்தை அந்த நிமிடத்திலேயே மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் தேவை.

மென்மையான எலும்பைக் கண்டால் எங்கள் தொழிலில் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1991-இல் ஜாஃபின், பெர்மன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் 5 வருட அனுபவத்தை வெளியிட்டார்கள். முதல் மூன்று தர எலும்புகளில் தோல்வி 3 சதவீதம். நான்காம் தரத்தில் 35 சதவீதம். அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. ஆனால் அவர்கள் வைத்தவை வழவழப்பான மேற்பரப்புள்ள அந்தக் கால இம்ப்ளான்ட்டுகள். இன்று வருபவை மணல் பீய்ச்சி, அமிலத்தில் ஊறவைத்துச் சொரசொரப்பாக்கியவை. எலும்பு அவற்றில் வேகமாக ஒட்டுகிறது. வடிவமும் அடி கூம்பி, மரை ஆழமாக மாறிவிட்டது. அதனால் அந்த 35 சதவீதத்தை யாராவது உங்களிடம் இன்று சொல்லிப் பயமுறுத்தினால் கணக்கில் எடுக்க வேண்டாம். கவனமாகச் செய்தால் மென்மையான எலும்பிலும் இம்ப்ளான்ட் நன்றாக நிற்கிறது.

கவனம் என்றால் எதில்? வைத்த அன்றைக்குக் கிடைக்கும் பிடிமானத்தில். இம்ப்ளான்ட்டை எலும்புக்குள் திருகியதும் அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் இறுக்கம்தான். எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது. ஒட்டுகிற வாரங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்ற அளவுக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால், சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் அந்த இம்ப்ளான்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். உங்கள் மூன்று டாக்டர்களும் சொன்ன மூன்று முறைகளும் இந்த முதல்நாள் இறுக்கத்தைக் கூட்டும் வழிகள். டி4 எலும்பு எதனாலும் டி2 ஆகிவிடாது. துளையின் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டும் நெருக்கமாகும், அவ்வளவுதான். “எலும்பையே கெட்டியாக்கும்” என்ற பேச்சை இந்த அளவில் வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

முதலாமவர் சொன்னதைப் பார்ப்போம். 4.2 மி.மீ. இம்ப்ளான்ட் வைக்க வழக்கமாக 2 மி.மீ. டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குவார்கள். மென்மையான எலும்பில் கடைசி டிரில்லை, சில சமயம் அதற்கு முந்தையதையும், விட்டுவிட்டு இம்ப்ளான்ட்டைத் திருகுவது இந்த முறை. கூம்பிய இம்ப்ளான்ட் போகப் போக எலும்பைப் பக்கவாட்டில் ஒதுக்கி இறுகும். தனிக் கருவி எதுவும் வேண்டாம், செலவும் கூடாது. நெடுநாளாகப் பரவலாகச் செய்து பழகிய முறை. இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. துளை சிறிதாக இருந்து எலும்பும் மென்மையாக இருந்தால், இம்ப்ளான்ட் திருகும்போது எதிர்ப்பு குறைந்த பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். மேல் தாடையில் உள்பக்கச் சுவர் கெட்டி, கன்னப் பக்கம் மெலிவு. கவனிக்காவிட்டால் இம்ப்ளான்ட் கன்னப் பக்கம் தள்ளிப்போய் நிற்கும், பிறகு பல் கட்டும்போது கோணம் இடிக்கும். அனுபவமுள்ள கை பாதித் தூரத்தில் நிறுத்தி, திசையைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போகும். அம்மாவுக்கு 8 மி.மீ. அகலம் இருப்பதால் சமாளிக்க நல்ல இடம் இருக்கிறது.

இரண்டாமவரின் முறையை 1994-இல் ராபர்ட் சம்மர்ஸ் என்பவர் பிரபலமாக்கினார். நுனி சற்றுக் குழிந்த உருளைக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். எலும்பை வெட்டி எடுக்காமல் பக்கவாட்டிலும் மேலேயும் தள்ளுவது இதன் கருத்து. அழகான யோசனைதான். சைனஸ் தரையை உயர்த்த இன்றும் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, அழுத்தம் அதிகமானால் உள்ளிருக்கும் மெல்லிய எலும்புக் கம்பிகள் நொறுங்கும். நொறுங்கியதை உடல் முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் புது எலும்பைக் கட்டும். அதனால் தொடக்கத்தில் இறுக்கமாக இருந்தது சில வாரங்களில் தளரக்கூடும். இன்னொன்று, ஒவ்வொரு தட்டும் மண்டை முழுக்க அதிரும். மரப்பு ஊசி வலியை எடுக்கும், அதிர்வை எடுக்காது. தலை பின்னால் சாய்ந்த நிலையில் இப்படித் தட்டும்போது உள்காதிலிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து, படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுவதுபோல் தலைசுற்றல் வந்தவர்கள் உண்டு. மருத்துவ இதழ்களில் பதிவான பின்விளைவு இது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் சரிசெய்துவிடுவார் என்றாலும், ஏற்கெனவே தலைசுற்றல் உள்ள 63 வயதுக்காரருக்கு அதை ஏன் வலியப்போய் வரவழைக்க வேண்டும்? இரவில் எழுந்து விழுந்தால் எலும்புத் தேய்மானம் உள்ள இடுப்பு தாங்காது. அதே வேலையைத் தட்டாமல் செய்ய வழி இருக்கும்போது, அந்த வழியில் போவதே சரி.

அந்த வழிகளில் ஒன்றுதான் மூன்றாமவரின் டிரில். அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த சலா ஹுவைஸ் என்ற பல் மருத்துவர் உருவாக்கியது, ‘டென்சா’ என்ற பெயரில் வருகிறது. சாதாரண டிரில் கடிகாரத் திசையில் சுற்றி எலும்பைச் சீவி வெளியே கொண்டுவரும். இதைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், நிமிடத்துக்கு 800 முதல் 1500 சுற்று வேகத்தில் ஓட்டுவார்கள். அப்போது அது சீவாது; சீவ வேண்டிய எலும்பை ஈரத்தோடு சேர்த்துச் சுவரிலேயே பூசி அழுத்திக்கொண்டு போகும். டாக்டர் அதை ஒரே அழுத்தாக அழுத்த மாட்டார். மேலும் கீழுமாக எடுத்து எடுத்து வைப்பார், கூடவே உப்புநீர் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீர் முக்கியம். அது குறைந்தால் உராய்வில் சூடேறும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும் என்பது 1980-களிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. டிரில்லை வெளியே எடுத்ததும், அழுந்திய எலும்பு சற்று மீண்டு வந்து துளையைக் குறுக்கும். இம்ப்ளான்ட் போகும்போது அந்த இறுக்கம் கூடுதல் பிடிமானம் தரும். மனிதர்களில் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளிலும் வழக்கமான டிரில்லைவிட இதில் முதல்நாள் இறுக்கம் அதிகமாகவே வந்திருக்கிறது. அதை நானும் என் கையில் உணர்கிறேன்.

ஆனால் சில வருடம் கழித்து எத்தனை இம்ப்ளான்ட் நிற்கின்றன என்று பார்த்தால், துளையைச் சிறிதாகப் போடும் முறையைவிட இது தெளிவாக மேல் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆகவே இந்த டிரில் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலாமவர் பல வருடமாக மேல் தாடையில் இம்ப்ளான்ட் வைத்துப் பழகியவர், மூன்றாமவர் சமீபத்தில்தான் அந்த டிரில் செட்டை வாங்கியவர் என்றால் நான் முதலாமவரிடம் அனுப்புவேன். இரண்டு பேரும் சம அனுபவம் என்றால் மூன்றாமவரின் டிரில்லுக்கு என் ஓட்டு. காரணம் அந்த 7 மி.மீ. உயரம்.

கடைவாய்ப் பல் போனால் மேலிருந்து சைனஸ் என்ற காற்றறை இறங்கும், கீழிருந்து எலும்பு தேயும். நடுவில் மிச்சமிருப்பதுதான் அந்த 7 மி.மீ. இதில் 6 மி.மீ. நீளமுள்ள குட்டை இம்ப்ளான்ட்டை அப்படியே வைக்கலாம். இல்லை, சைனஸின் தரையை உள்ளிருந்து 2, 3 மி.மீ. மெல்ல உயர்த்தி 8 அல்லது 9 மி.மீ. வைக்கலாம். சைனஸ் தரை என்பது ஒரு கெட்டி ஓடு. இம்ப்ளான்ட்டின் நுனி அந்த ஓட்டைப் பிடித்துக்கொண்டால், மென்மையான எலும்பில் அதைவிட நல்ல பிடி கிடையாது. எதிர்த்திசையில் சுற்றும் டிரில், எலும்புத் துகளை முன்னால் தள்ளிக்கொண்டே அந்தத் தரையைத் தட்டாமல் உயர்த்தும். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிச் செய்யும் பெரிய சைனஸ் அறுவைச் சிகிச்சை, உயரம் இதைவிட நன்றாகக் குறைந்தவர்களுக்கு. அம்மாவுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. தரையை உயர்த்தினால் சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.

சரி, அன்றே பல் ஏன் வேண்டாம்? திருகிய அன்று இருக்கும் இறுக்கம் அப்படியே நிற்காது. அழுந்திய எலும்பை உடல் மெல்ல அரிக்கத் தொடங்கும். புது எலும்பு வந்து பிடிப்பதற்குள் பிடிமானத்தில் ஒரு சரிவு வரும். சுமார் 3, 4 வாரத்தில் இம்ப்ளான்ட் தன் மிகப் பலவீனமான நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் மேலே பல் இருந்து, அம்மா மறந்துபோய் ஒரு முறுக்கைக் கடித்தால் போதும். கடைவாயில் விழும் அழுத்தம் முன்பல்லைவிடப் பல மடங்கு. இம்ப்ளான்ட்டின் தந்தை எனப்படும் ஸ்வீடனின் பிரானெமார்க், கீழ்த் தாடைக்கு 3 மாதம், மேல் தாடைக்கு 6 மாதம் காத்திருக்கச் சொன்னது இந்த எலும்பு வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான். இன்றைய இம்ப்ளான்ட்டுகளில் அதைக் குறைக்க முடிகிறது, ஆனால் பூஜ்யமாக்க முடியாது. விளம்பரங்களில் வரும் ‘மூன்றே நாளில் முழு வாய்ப் பல்’ வேறு கணக்கு. அங்கே பல இம்ப்ளான்ட்டுகளைக் கெட்டி எலும்பில் ஊன்றி, எல்லாவற்றையும் ஒரே சட்டமாக இணைத்துவிடுவார்கள். ஒன்றின் அசைவை மற்றவை தாங்கும். ஒரு பக்கத்தில் தனியாக நிற்கும் ஒன்றிரண்டு பல்லுக்கு அந்தத் தைரியம் பொருந்தாது. அதுவும் வெளியே தெரியாத கடைவாய்க்கு அவசரமே இல்லை. அம்மாவுக்கு 4 முதல் 6 மாதம் காத்திருப்பது சரியான அளவு என்பேன்.

எந்த டாக்டரானாலும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். இம்ப்ளான்ட் எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்தில் போனது என்பது ஒன்று. உடனே பல் கட்ட நினைப்பவர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 35 அல்லது அதற்கு மேல். இன்னொன்று ஐ.எஸ்.க்யூ. இம்ப்ளான்ட்டின் தலையில் ஒரு சிறு முளையைத் திருகி, கருவியை அருகில் கொண்டுபோனால் 1 முதல் 100 வரை ஓர் எண் காட்டும். வலிக்காது. 70-க்கு மேல் நல்ல உறுதி, 60-க்குக் கீழே பொறுமை தேவை. வைத்த அன்றும், பல்லுக்கு அளவெடுக்கும் முன்பும் பார்த்து, எண் ஏறியிருந்தால்தான் மேலே போக வேண்டும். இதை அளந்து கார்டில் எழுதித் தருபவரை நான் நம்புவேன். “கல்லு மாதிரி நிக்குதும்மா” என்று வாயால் சொல்பவரிடம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

கூடவே, “பிடிமானம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்றும் கேளுங்கள். இன்னும் அகலமான இம்ப்ளான்ட் ஒன்றைத் தயாராக வைத்திருப்பேன், பக்கவாட்டில் அசையாமல் இருந்தால் ஈறை மூடித் தையல் போட்டுக் கூடுதல் மாதம் காத்திருப்பேன், அதுவும் முடியாது என்றால் எலும்புத் துகள் வைத்து மூடிவிட்டுச் சில மாதம் கழித்து வருவோம் — இப்படி ஏதாவது பதில் இருக்க வேண்டும். “அப்படியெல்லாம் ஆகாது” என்பது பதில் இல்லை. காத்திருக்கும் மாதங்களில் பழைய பல் செட்டை அப்படியே மாட்டவும் கூடாது. அது ஈறு வழியாக இம்ப்ளான்ட்டை அழுத்தி அசைக்கும். டாக்டரிடம் கொடுத்து அந்த இடத்தைக் குடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வாராந்திர மாத்திரை. இதை மூன்று டாக்டரில் யாரிடமாவது சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியே ஆக வேண்டும். அலெண்ட்ரோனேட் வகை மாத்திரைகள் எலும்பு அரிப்பை மெதுவாக்கும். அதனால் தாடையில் அறுவைச் சிகிச்சை செய்த இடம் அரிதாக ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். 2003 முதல் மருத்துவ உலகம் இதைப் பதிவு செய்துவருகிறது. எலும்புத் தேய்மானத்துக்காக மாத்திரையாகச் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, இம்ப்ளான்ட் வைக்கத் தடையும் இல்லை. புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை நரம்பில் அதிக அளவில் ஏற்றிக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து பெரிது. அவர்களுக்கு நான் இம்ப்ளான்ட் வைப்பதில்லை. அம்மாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எலும்பு மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். ஒருவேளை அவருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாற்றியிருந்தால், அதைத் தள்ளிப்போடுவது இன்னும் தவறு. முதுகெலும்பு முறிவு வரை போகலாம். மூன்று மாத சராசரிச் சுகர் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக, “இப்படியே இருந்துவிடுகிறேன்” என்று அம்மா சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கடைவாயில் இரண்டு பல் போயிருந்தாலும் இரண்டையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முன்பல் நடுவிலிருந்து எண்ணினால் 6-ஆவது பல் இருக்கும் இடத்தில் ஒன்று வைத்தாலே மெல்லுவதற்குப் பெரும்பாலானவர்களுக்குப் போதும். 7-ஆவது இன்னும் பின்னால் இருக்கிறது. வாய் அகலமாகத் திறக்க வேண்டும், பிரஷ் எட்டாது, எலும்பும் அங்கே பொதுவாக இன்னும் மென்மை. இடப்பக்கம் எல்லாப் பல்லும் நன்றாக இருந்து, கீழே எதிரிலிருக்கும் 7-ஆவது பல் மேலே எழும்பி வராமல் இருந்தால், நான் அம்மாவுக்கு ஒரே ஒரு இம்ப்ளான்ட்டுடன் நிறுத்திக்கொள்வேன். முதலாமவரிடமும் மூன்றாமவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். செலவும் பாதியாகும், அம்மாவும் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு அவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்காது.